அடிமை வணிகம் இல்லாவிட்டால் ஐரோப்பா ஏழையாகவே இருந்திருக்குமா?

பேரேடு:

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில் அட்லாண்டிக் அடிமை வணிகம் பற்றி ஒரு சொற்பொழிவு. வந்தவர் நன்றாகவே பேசினார். ஆனால் முடிக்கும்போது, "பிரிட்டனின் ஒவ்வொரு செங்கல்லும் ஆப்பிரிக்க அடிமையின் இரத்தத்தில் குழைத்தது. அடிமை வணிகம் இல்லையென்றால் தொழிற்புரட்சியே கிடையாது" என்றார். அரங்கமே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான். ஒரு தொகையைச் சொன்னால் அது எங்கே பற்று, எங்கே வரவு என்று கேட்டுப் பழகிவிட்டது.

கொடுமையைப் பற்றி எனக்கு இம்மியளவும் ஐயமில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1860கள் வரை ஏறத்தாழ 1.25 கோடிப் பேரைக் கப்பலேற்றினார்கள். உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. இடையில் குறையும் 18 லட்சம் பேர் கடலில் போனவர்கள். இதற்கு மேல் கொடுமையை மெய்ப்பிக்க எதுவும் வேண்டாம்.

என் கேள்வி வேறு. அந்த லாபம்தான் மான்செஸ்டர் ஆலைகளைக் கட்டியதா? 1944இல் இந்த வாதத்தை விரிவாக முன்வைத்தவர் எரிக் வில்லியம்ஸ், பின்னாளில் டிரினிடாட்டின் பிரதமரானவர். அவருக்குப் பிறகு வந்தவர்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் அடிமைக் கப்பல்களின் சராசரி லாபம் 10 விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. வணிகம் உச்சத்தில் இருந்த 1792இல்கூட அந்நாட்டு வணிகக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவில் அடிமைக் கப்பல்களின் பங்கு 3 விழுக்காட்டுக்கும் குறைவு.

இன்னொன்று. அதிகம் பேரைக் கடத்தியது பிரிட்டன் அல்ல. போர்ச்சுகலும் பிரேசிலும்தான். பிரேசிலில் மட்டும் 48 லட்சம் பேர் இறக்கப்பட்டார்கள். அடிமை வணிகம் தொழிற்புரட்சியைப் பெற்றெடுக்கும் என்றால் முதல் ஆலை லிஸ்பனில் அல்லவா புகைந்திருக்க வேண்டும்? கைதட்டியவர்கள் யாராவது இங்கே இருந்தால் விடை சொல்லுங்கள்.

நீலச்சாயம்:

வணக்கம் ஐயா. அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

உங்கள் எண்களில் பிழையில்லை. ஆனால் நீங்கள் திறந்து பார்ப்பது கப்பல்காரரின் பேரேட்டை மட்டும். லிவர்பூலிலிருந்து கிளம்பும் கப்பலின் வயிற்றில் என்ன இருந்தது என்று பாருங்கள். ஆப்பிரிக்கக் கரையில் ஆள் வாங்கக் கொடுத்த பண்டங்களில், மதிப்பைக் கொண்டு பார்த்தால், ஏறத்தாழப் பாதி துணி. மீதிதான் துப்பாக்கி, வெடிமருந்து, சாராயம், பித்தளைக் காப்பு, சோழி எல்லாம். அந்தத் துணியில் ஒரு பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத் துணிக்கு ஐரோப்பிய வணிகர்கள் வைத்த பெயர் 'கினி துணி'. கினி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அவர்கள் வழங்கிய பெயர். நம் ஊரில் நெய்த துணிக்கு, அது போய்ச் சேரும் கரையின் பெயர்.

எங்கள் ஊர் கடலூருக்கு மேற்கே இருக்கிறது. விழுப்புரம் பக்கம் இன்றும் சில அவுரித் தொட்டிகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றில் நான் இறங்கி நின்றிருக்கிறேன். இரவெல்லாம் இலை ஊறிய தண்ணீர் காலையில் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். ஆட்கள் வரிசையாக நின்று காலால் அதை அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் படப்பட நுரையில் முதலில் நீலம் ஏறும், பிறகு தண்ணீரே கறுத்து நீலமாகும். அந்த வாடை இரண்டு நாள் தோலை விட்டுப் போகாது. செனகல் ஆற்றங்கரையில் துணி வாங்கியவர்கள் அதைத் தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாட்டிலேயே போலி நெய்து அனுப்பியபோது, நிறம் ஒத்திருந்தும் வாடை இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அந்தத் தொட்டியில் நின்றபோது எனக்கு இது நினைவுக்கு வந்தது. அதிலிருந்துதான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

இனி உங்கள் மான்செஸ்டர். 1721இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் அச்சடித்த, சாயமிட்ட பருத்தித் துணிகளை உள்நாட்டார் உடுத்துவதற்குத் தடை போட்டது. லண்டனில் இறக்கி வெளியே அனுப்பத் தடையில்லை. ஆக, நம் துணி ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்கத் தோட்டங்களுக்கும் திருப்பிவிடப்பட்டது. மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயர் நெசவாளர்கள் அதைப் பார்த்துப் பார்த்து நெய்யக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய துணிக்குக் கிடைத்த முதல் பெரிய வெளிச்சந்தைகளில் ஒன்று அதே ஆப்பிரிக்கக் கரை. அவர்கள் அங்கே போட்டியிட்டது நம் துணியோடு. இந்தப் பாடமெல்லாம் உங்கள் 3 விழுக்காட்டில் எந்த வரியில் வருகிறது?

லிஸ்பனுக்கும் விடை இருக்கிறது. 1703இல் போட்ட மெத்வென் ஒப்பந்தப்படி போர்ச்சுகல் ஆங்கிலக் கம்பளித் துணியை உள்ளே விட்டது, இங்கிலாந்து போர்ச்சுகலின் ஒயினுக்கு வரியைக் குறைத்தது. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் சுரங்கங்களில் அடிமைகள் தோண்டிய தங்கம் லிஸ்பனில் இறங்கி, துணிக்கு விலையாக லண்டனுக்குப் போயிற்று. லிஸ்பனில் புகைய வேண்டிய ஆலை எங்கே புகைந்தது என்று இப்போது தெரிகிறதா ஐயா?

பேரேடு:

நல்ல பதிவு. மெத்வென் ஒப்பந்தத்தை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் வாதம் உங்களுக்கே எதிராகத் திரும்புகிறது, அம்மா. துணி விற்றவனுக்கு வளம் சேர்ந்தது என்றால் சோழமண்டலத்துக்கும் சேர்ந்திருக்க வேண்டுமே. அங்கே ஏன் தொழிற்புரட்சி வரவில்லை? இரண்டாவது, அந்த நெசவாளிக்கு இந்தப் பாவத்தில் பங்கு உண்டா? தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவனுக்குத் தன் துணி யார் கழுத்துக்கு விலை என்று எப்படித் தெரியும்? எல்லாரையும் சங்கிலியில் கோத்துக்கொண்டே போனால் கடைசியில் குற்றவாளி என்று யாருமே மிஞ்ச மாட்டார்கள்.

கணக்குக்கு வருகிறேன். பொருளியல் வரலாற்றாசிரியர் ஸ்டான்லி எங்கர்மன் 1970களில் போட்ட கணக்கில் இந்த லாபம் பிரிட்டனின் தேசிய வருமானத்தில் மிகச் சிறிய பங்கு. இது எண். செங்கல், இரத்தம் என்பவை உருவகங்கள்.

எதிர்க்கரை:

இரண்டு பேரும் வாங்கியவனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். விற்றவன் எங்கே?

1727இல் மேற்கு ஆப்பிரிக்காவின் டஹோமி அரசு வைடா துறைமுகத்தைப் பிடித்தது எதற்காக? கடலோரத்தில் நடந்த ஆள் வியாபாரத்தைத் தன் கையில் வைத்துக்கொள்வதற்காகவும்தான். இன்றைய நைஜீரியாவில் உள்ள பழைய கலபார் துறைமுகத்தில் அன்டேரா டியூக் என்ற எஃபிக் இன வணிகர் 1780களில் ஆங்கிலம் கலந்த மொழியில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பேரோடு போனது, எந்தத் தலைவனோடு குடித்தோம் என்று எழுதிக்கொண்டே போகிறார். அதில் கறுப்பன், வெள்ளையன் என்ற பேச்சே இல்லை, வியாபாரம்தான் இருந்தது. உள்நாட்டுக்குள் போய் ஆளைப் பிடித்து வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர் அல்லர்.

நம் கரையையும் பேசுவோம். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடின, பஞ்சம் வந்தது. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் டச்சுக் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கியது. பெரும்பாலோரை இலங்கைக்கு அனுப்பியது. வாங்கியவன் டச்சுக்காரன். விற்றவன் யார்? நெல்லுக்குப் பிள்ளையைக் கொடுத்தவனும் இருந்தான், பிடித்து வந்து கொடுத்த தரகனும் இருந்தான். இதைப் பள்ளிப் புத்தகத்தில் யாராவது படித்தீர்களா?

வெள்ளையனைத் திட்டுவது எளிது. பிறகு நம்மவர்களைக் கூலிகளாக மொரீஷியஸ், நேட்டால், இலங்கை என்று கொண்டுபோனார்களே, அவர்களும் அடிமைகள்தான். அதைப் பேசாமல் ஆப்பிரிக்காவுக்கு ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும்?

நீலச்சாயம்:

எதிர்க்கரை அண்ணா, நாகப்பட்டினத்தை நினைவுபடுத்தியதற்கு நன்றி. எங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்துக் கதை. பேச வேண்டும்தான்.

ஆனால் 'விற்றவன் எங்கே' என்ற கேள்வி 1526இலேயே எழுந்துவிட்டது. காங்கோ அரசர் முதலாம் அஃபோன்சு போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜோவானுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் வணிகர்கள் என் குடிகளைப் பிடிக்கிறார்கள், உயர்குடிப் பிள்ளைகளையும் என் உறவினர்களையும்கூட விட்டுவைக்கவில்லை, நாடு காலியாகிறது என்று முறையிட்டார். அவரும் அடிமைகளை விற்றவர்தான். போர்க்கைதியை விற்கலாம், தன் குடியை விற்கக் கூடாது என்று அவர் ஒரு கோடு வைத்திருந்தார். துறைமுகத்தில் கப்பல் காத்துக்கொண்டு நின்றபோது அந்தக் கோடு அழிந்துவிட்டது.

நீங்கள் சொன்ன கலபாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் தலைவன் துணியையும் துப்பாக்கியையும் முன்கூட்டியே கடனாகக் கொடுப்பான். எஃபிக் வணிகர் அதை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் ஆட்களோடு திரும்ப வேண்டும். அதுவரை பிணை என்ன தெரியுமா? அவருடைய சொந்தப் பிள்ளைகள், தம்பி மக்கள். அடகு நகை போலக் கப்பலில் உட்கார்ந்திருப்பார்கள். தவணைக்குள் ஆள் வந்து சேரவில்லை என்றால் அடகு மூழ்கிவிடும், கப்பல் பிள்ளைகளோடு போய்விடும். தன் பிள்ளையை மீட்க அடுத்தவன் பிள்ளையைப் பிடிக்க வேண்டும். விற்றவன் குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடன் கொடுத்தவன் ஊரில் அந்த வட்டிக்கு எந்தப் பிள்ளையும் அடகு போகவில்லை.

மலைநாட்டான்:

நான் இலங்கை மலையகத்தில் ஹற்றன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'அவர்களும் அடிமைகள்தான்' என்று எதிர்க்கரை எழுதிய வரி என்னை எழுதவைத்தது.

என் பாட்டனாரின் பாட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர். கூட வந்தவர்களில் பலர் வழியிலேயே விழுந்தார்கள் என்பது எங்கள் வீட்டில் தலைமுறையாகச் சொல்லும் கதை. கங்காணியின் கடன், லயம் என்ற வரிசை வீட்டின் ஒற்றை அறை, விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு, எல்லாம் நாங்கள் அனுபவித்தவை. 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. அதில் குடும்பத்தின் கடன் எழுதியிருக்கும். அந்தக் கடனை அடைக்கும் தோட்டத்துக்கு ஆள் மாறிப் போக வேண்டும். 1921 வரை அந்த முறை ஒழியவில்லை.

அப்படியிருந்தும் சொல்கிறேன், தயவுசெய்து சமன் செய்யாதீர்கள். 1662இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். தாய் அடிமை என்றால் குழந்தையும் அடிமை. தகப்பன் யார் என்பது கேள்வியே இல்லை. தோட்டக்காரன் தன் வித்தில் பிறந்த பிள்ளையையே சொத்துப் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம், விற்கலாம், கடனுக்கு ஈடு வைக்கலாம். என் பாட்டி பெற்ற பிள்ளையைத் துரையால் விற்க முடியவில்லை. எங்கள் துயரம் சிறிதில்லை, ஆனால் அது வேறு. எங்கள் துயரத்தைச் சொல்ல இன்னொருவருடைய துயரத்தின் பெயரை இரவல் வாங்க வேண்டியதில்லை, தம்பி.

தொடர்பு வேண்டுமானால் நேரான தொடர்பே இருக்கிறது. ஜான் கிளாட்ஸ்டன் லிவர்பூல் வணிகர். பிரதமர் கிளாட்ஸ்டனின் தகப்பனார். பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தபோது தன்னிடமிருந்த 2,500க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக அவர் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுனுக்கு மேல் ஈட்டுத் தொகை வாங்கினார். அடிமைகள் கைவிட்டுப் போகப்போகிறார்கள் என்றதும் கல்கத்தாவுக்கு எழுதி ஆள் கேட்டார். 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்கள் இந்தியக் கூலிகளோடு பிரிட்டிஷ் கயானாவில் போய் நின்றன. பிரெஞ்சுக்காரர்களும் அடிமை முறையை 1848இல் ஒழித்து, 1853இல் புதுச்சேரி, காரைக்கால் ஆட்களை மார்ட்டினிக்குக்கு ஏற்றத் தொடங்கினார்கள். காலி செய்த அதே குடிசைகளில் அடுத்த கூட்டத்தைக் குடிவைத்தார்கள். இதைச் சொல்லுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்.

எதிர்க்கரை:

மலைநாட்டான் ஐயா, வார்த்தை தவறிவிட்டது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்கள் குடும்பக் கதையை அறியாமல் எழுதினேன்.

நாகப்பட்டினம் பற்றிச் சொன்னதை மட்டும் விடமாட்டேன். அந்த 8,000 பேரில் ஒருவருடைய பெயர்கூட நம் ஊர்க் கல்வெட்டில் இல்லை. கோயிலுக்கு ஆடு விட்டவன் பெயர் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அடிமை வணிகத்தை 1807இல் சட்டம் போட்டு நிறுத்தியதும் பிரிட்டன்தான். அதன் கடற்படை மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அரை நூற்றாண்டு ரோந்து சுற்றிச் சுமார் 1,600 கப்பல்களைப் பிடித்து 1,50,000 பேரை மீட்டது. மாலுமிகள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். இதையும் வரவில் எழுத வேண்டாமா?

நீலச்சாயம்:

எழுதத்தான் வேண்டும். அந்த 1,50,000 பேர் உண்மையான மனிதர்கள். அவர்களில் பலரை ஒப்பந்தக் கூலிகளாக மேற்கிந்தியத் தீவுகளுக்கே அனுப்பினார்கள் என்பதையும் அதற்கு அடுத்த வரியில் எழுத வேண்டும். 1846இல் அதே நாடாளுமன்றம் சர்க்கரை வரிச் சட்டத்தைத் திருத்தி, கியூபாவிலும் பிரேசிலிலும் அடிமைகள் விளைவித்த சர்க்கரைக்கு இருந்த கூடுதல் வரியைப் படிப்படியாக எடுத்தது. கடலில் கப்பலைப் பிடித்தார்கள். சந்தையில் கதவைத் திறந்துவிட்டார்கள். பிரேசிலில் அடிமை முறை 1888 வரை ஓடியது.

பேரேடு ஐயாவின் எண்ணுக்கும் விடை சொல்ல வேண்டும். எங்கர்மன் போட்ட அதே கணக்கை பார்பரா சோலோ என்ற பொருளியல் வரலாற்றாசிரியர் 1985இல் வேறு விதமாகப் பிரித்தார். 1770 அளவில் அந்த லாபம் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடுதான். ஆனால் நாட்டின் மொத்த முதலீட்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 8 விழுக்காடு. வணிகத்திலும் தொழிலிலும் போட்ட முதலீட்டோடு மட்டும் ஒப்பிட்டால் 39 விழுக்காடு. நாடு முழுவதும் தின்றது, உடுத்தியது எல்லாவற்றையும் கீழே வைத்து வகுத்தால் எந்த லாபமும் சிறிதாகத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு பருத்தி வந்தது. 1793இல் பருத்தி அரவை இயந்திரம். 1790இல் அமெரிக்காவில் அடிமைகள் சுமார் 7 லட்சம், 1860இல் ஏறத்தாழ 40 லட்சம். அந்த ஆண்டு லங்காஷயர் நூற்ற பருத்தியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு அவர்கள் பறித்தது.

பேரேடு:

சோலோவின் கணக்கை நானும் படித்திருக்கிறேன். அதில் ஒரு நிபந்தனை உண்டு. லாபம் முழுவதையும் மறுமுதலீடு செய்ததாக வைத்துக்கொண்டால்தான் 39. உண்மையில் அந்தப் பணத்தில் ஒரு பகுதி நாட்டுப்புற மாளிகையாகவும் குதிரை வண்டியாகவும் போனது. உச்சவரம்பை நடப்பு எண்ணாகக் காட்டக் கூடாது.

பருத்தியைப் பொறுத்தவரை, 1807க்குப் பிறகு அமெரிக்கா புதிதாக ஆட்களை இறக்கியது மிகக் குறைவு. அங்கே பெருகியது பிறப்பால். அது அடிமை முறையின் கணக்கு, அட்லாண்டிக் வணிகத்தின் கணக்கு அல்ல. மாற்றும் இருந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் வந்து அமெரிக்கப் பருத்தி நின்றபோது லங்காஷயர் எங்கே வாங்கியது? எகிப்திலும் இந்தியாவிலும். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிப் பருத்தி போயிற்று. அடிமை இல்லாமலும் நூல் நூற்க முடியும் என்று அந்த நான்கு ஆண்டுகளே காட்டிவிட்டன.

நான் பிடிவாதம் பிடிப்பதாக நினைக்காதீர்கள். சரியான கணக்கு கொடுமையைக் குறைத்துவிடாது. தவறான கணக்கோ, அதை மறுப்பவனுக்கு ஆயுதம் ஆகிவிடும். ஒரு எண் பொய் என்று நிரூபித்துவிட்டால் அவன் முழுக் கதையையும் பொய் என்பான். கணக்கு பொய் சொல்லாது, நாம்தான் அதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நீலச்சாயம்:

முடிந்தது என்கிறீர்கள், ஐயா. அந்த நான்கு ஆண்டுகளில் லங்காஷயரில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்து கஞ்சித் தொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். பருத்தி விலை பல மடங்கு ஏறியது. 'பருத்திப் பஞ்சம்' என்றே அதற்குப் பெயர். மாற்று இருந்தது என்பதைவிட, அடிமை பறித்த பருத்தி எவ்வளவு மலிவாக இருந்தது என்பதையே அது காட்டுகிறது. 1807க்கு முன் இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அதைப் பறித்தார்கள். வேரை ஒரு பேரேட்டிலும் மரத்தை இன்னொன்றிலும் எழுதினால் எப்படி?

கணக்கு பொய் சொல்லாது என்றீர்களே, அதில்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஒரு கணக்கைச் சொல்கிறேன், பாருங்கள்.

1781. 'சோங்' என்ற லிவர்பூல் கப்பல். வில்லியம் கிரெக்சனும் கூட்டாளிகளும் அதன் முதலாளிகள். 442 ஆப்பிரிக்கர்களை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் போனது. அவ்வளவு பெரிய கப்பலே அல்ல அது. ஜமைக்காவை வேறு தீவென்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். நோய் பரவியிருந்தது. தண்ணீர் போதாது என்று சொல்லி, சில நாட்களுக்குள் 130க்கும் மேற்பட்டோரை உயிரோடு கடலில் தள்ளினார்கள். முதலில் தள்ளியது பெண்களையும் குழந்தைகளையும்.

ஏன்? காப்பீட்டு விதி. சரக்கு தானாகச் செத்தால் நட்டம் முதலாளிக்கு. கப்பலைக் காப்பாற்றச் சரக்கில் ஒரு பகுதியைக் கடலில் எறிந்தால் நட்டத்தைக் காப்பீட்டாளர் ஈடு செய்ய வேண்டும். ஒரு தலைக்கு 30 பவுன். நோயில் செத்தவருக்குச் சல்லிக்காசு வராது. தள்ளப்பட்டவருக்கு 30 பவுன் வரும். கப்பல் ஜமைக்கா சேர்ந்தபோது அதில் 420 காலன் தண்ணீர் மிச்சம் இருந்தது.

1783இல் லண்டனில் வழக்கு நடந்தது. கொலை வழக்கு அல்ல. காப்பீட்டுத் தொகை வழக்கு. நடுவர் குழு முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல் விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு, சட்டப்படி இது குதிரைகளைக் கடலில் எறிந்ததைப் போன்றதே என்று நடுவர்கள் கருதியதை எடுத்துச் சொல்லி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஓலாடா ஈக்வியானோ செய்தியை, அடிமை முறைக்கு எதிராகப் போராடிய கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோனார். கொலைக்காக ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை.

அந்தக் கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை, ஐயா. 30 பெருக்கல் தலைகள். உங்களைப் போல நேர்மையான ஒரு கணக்கர்தான் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

கோபத்தில் எழுதவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதில்தான் என் விடை. குழித்தறியில் உட்கார்ந்த நெசவாளிக்கு அந்தப் பாவத்தில் பங்கில்லை. அவன் கையில் முன்பணம் இருந்தது, கம்பெனித் தரகனிடம் பட்ட கடன் இருந்தது, பேரேடு இல்லை. துணி, சோழி, ஆள், சர்க்கரை, உண்டியல் என்ற பணச்சீட்டு, காப்பீடு என எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பார்க்கக்கூடிய இடத்தில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஜமைக்காவில் ஆளை விற்று, லண்டன் வணிகர் மேல் எழுதிய ஓராண்டு, ஈராண்டுத் தவணை உண்டியலை வாங்கிக்கொண்டு கப்பல் திரும்பும். அந்த உண்டியலை மாற்றித்தான் அடுத்த பயணத்துக்குத் துணி வாங்குவார்கள். ஆலை கட்டியது அந்த லாபமா என்று நாம் சண்டை போடுகிறோம். கடன், தவணை, காப்பீடு என்று தூர தேசத்து வணிகம் முழுவதும் அந்தப் பாதையில் ஓடிப் பழகியதே. அதை எத்தனை விழுக்காடு என்று எழுதுவீர்கள்?

மலைநாட்டான்:

தங்கச்சி எழுதிய பட்டியலில் 'சோழி' என்ற சொல்லை வாசித்துவிட்டு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். அம்மா தாயம் விளையாடிய சோழிகள் இன்னும் இருக்கின்றன, ஆறு. சிறியவை, மஞ்சளோடிப்போனவை. மாலத்தீவுக் கடலில் எடுத்த சோழியை டச்சுக்காரர் இலங்கை வழியாகவும் ஆங்கிலேயர் வங்காளம் வழியாகவும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், கப்பல் நிலையாக நிற்க அடியில் கொட்டும் பாரமாக. அங்கே ஏலம் விட்டு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். பெனின் கரையில் நாற்பது நாற்பதாகக் கோத்த சரம்தான் காசு. 18ஆம் நூற்றாண்டில் மட்டும் நூற்றுக்கணக்கான கோடிச் சோழிகள் போயிருக்கின்றன.

ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். காற்றுப் போல இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள்.

பேரேடு:

இரண்டு நாட்களாக இந்தப் பக்கம் வரவில்லை. நீலச்சாயம் எழுதிய 'கையெழுத்துப் போட்டிருப்பார்' என்ற வரியை விட்டு நகர முடியவில்லை. மறுக்கவும் முடியவில்லை. வங்கியில் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூட்டல் சரியா என்று பார்த்தேன். எதன் கூட்டல் என்று பார்த்தது குறைவு.

தொழிற்புரட்சி பற்றிய என் ஐயம் முழுதும் தீரவில்லை. நிலக்கரி, கூலி விலை, இயந்திரம் என்று இன்னும் பல காரணங்கள் உண்டு. அந்தப் பேச்சாளரின் செங்கல்லை நான் இப்போதும் ஏற்கவில்லை. ஆனால் '3 விழுக்காடு' என்று எழுதியது சிறிய பேரேட்டைப் பார்த்து எழுதியது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மலைநாட்டான் ஐயா சொன்ன ஈட்டுத் தொகையைத் தேடிப் போனேன். 1833 சட்டப்படி பிரிட்டன் அடிமை முதலாளிகளுக்குக் கொடுத்தது மொத்தம் 2 கோடிப் பவுன். அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு. விடுதலையான எட்டு லட்சம் பேருக்கு ஒரு பென்னியும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் 1838 வரை 'பயிற்சி' என்ற பெயரில் அதே முதலாளிக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. கையில் பணமில்லாததால் அரசு 1835இல் 1.5 கோடிப் பவுன் கடன் வாங்கியது. நாதன் ராத்ஸ்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரியும் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கடன் பிறகு மற்ற அரசுக் கடன் பத்திரங்களோடு கலந்துவிட்டது. அவற்றைக் கடைசியாகத் தீர்த்தது 2015இல். பிரிட்டிஷ் கருவூலமே இதை வெளியே சொன்னது.

2015.

என் மகன் 2008 முதல் லண்டனில் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் வரி பிடித்த பிறகுதான் பணம் கைக்கு வரும். அந்த ஏழு ஆண்டு வரியில் இதற்குப் போனது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்தேன். பிரிக்க வழியில்லை. பத்திரங்கள் கலந்த இடத்தில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

காலையில் அவனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அவன் பக்கத்து மேசையில் ஓர் அம்மா வேலை பார்ப்பதாகச் சொன்னான். அவருடைய பெற்றோர் 1950களில் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவரும் நாற்பது ஆண்டுகளாக வரி கட்டுகிறார். அவருடைய பெற்றோரும் கட்டினார்கள்.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னாயா என்று கேட்டேன்.

"அவருக்கு முன்பே தெரியும் அப்பா" என்றான்.